பங்கில் யாருக்குப் பங்கு? புனேயின் கத்தோலிக்கத் திருச்சபையும் வந்தேறிய மக்களும்

தமிழ்க் கத்தோலிக்கர் நாள்தோறும் புழங்கும் சொற்களுள் ஒன்று 'பங்கு'. பங்குத்தந்தை, பங்குப்பேரவை, பங்குக்கோயில் என அதன் கூட்டுச்சொற்கள் பல. பகுத்துக் கிடைப்பது பங்கு. எனவே உரிமை, எல்லை, கணக்கு ஆகிய மூன்றும் அச்சொல்லுக்குள் உறைகின்றன. முந்தைய தலைமுறையினர் இதையே 'விசாரணை' என்றும் வழங்கினர். நலம் விசாரிக்கும் கண்காணிப்பு என்ற பொருளில் வந்த சொல் அது. வேற்றூரில் பிழைக்கச் சென்றவனுக்கு அதே சொல் காவல் நிலையத்தை நினைவூட்டுவது சொல்லின் குற்றமன்று.

ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'பாரிஷ்' முற்றிலும் வேறொரு வேரிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் 'பரொய்கோஸ்' என்பவன் ஓர் ஊரில் குடியிருந்தும் அவ்வூரின் குடியுரிமை இல்லாதவன், அந்நிலையே 'பரொய்க்கியா'. புதிய ஏற்பாட்டின் பேதுரு முதல் திருமுகம் கிறிஸ்தவர்களை இச்சொல்லாலேயே விளிக்கிறது. தொடக்க நூற்றாண்டுகளில் உள்ளூர்த் திருச்சபைக்கு இதுவே பெயராயிற்று. பின்னர், பேரரசின் நிருவாக எல்லைகளைத் திருச்சபையும் தழுவிக்கொள்ளத் தொடங்கியபோது, இடமற்றவரைக் குறித்த சொல்லே வரையறுத்த இடத்தைக் குறிக்கலாயிற்று. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம், மக்களைத் தெளிவான எல்லையுடைய பங்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குருவை அமர்த்துமாறு ஆயர்களைப் பணித்தது. சொல்லின் பயணம் அத்துடன் நிறைவடைந்தது. வந்தேறியவனின் பெயரால் அழைக்கப்படும் நிறுவனத்தில் இனி வந்தேறியவனே விதிவிலக்கு.

இந்தச் சொல்வரலாற்றைச் சோதித்துப் பார்க்கப் புனேயைப் போன்ற நகரம் இந்தியாவில் அரிது. கோவாவிலும் முத்துக்குளித்துறையிலும் கத்தோலிக்கம் மண்ணின் மக்களுடைய மதமாக, அவர்களுடைய நிலத்தோடும் சாதியோடும் பின்னி வளர்ந்தது. புனேயில் அவ்வாறு நிகழவில்லை. இங்கே கத்தோலிக்கர் அனைவரும் எங்கிருந்தோ வந்தவர்கள். வந்தவரை வரவேற்றவர்களும் முன்னொரு நாள் வந்தவர்களே. ஆகவே 'திருச்சபை அகதிகளுக்கு இரங்கியதா' என்று கேட்பதைக் காட்டிலும் கூரிய கேள்வி ஒன்று உண்டு: வந்தவர்களுள் யாருக்கு எதன் பெயரால் இடம் கிடைத்தது? படைப்பிரிவு, தேசம், வழிபாட்டுமுறை ஆகியவற்றுள் ஏதேனுமொரு கூட்டுப்பெயரோடு வந்தவர்களுக்கு இந்நகரத் திருச்சபை விரைவாகவோ தாமதமாகவோ இடம் வகுத்தது. வெறும் கூலியுழைப்பாக வந்தவர்களுக்கு அது தயங்கித் தயங்கியே கதவைத் திறந்தது என்பது என் வாசிப்பு.

தொடக்கமே சற்று வியப்புக்குரியது. நானா பேட்டையில் 'சிட்டி சர்ச்' என வழங்கும் அமலோற்பவ அன்னை ஆலயத்தின் தோற்றம் 1792. நிலம் அளித்தவர் பேஷ்வா சவாய் மாதவராவ். பேஷ்வாவின் படையில் பணியாற்றிய போர்ச்சுகீசிய, கோவாக் கத்தோலிக்கர்களுக்கு வழிபாட்டிடம் வேண்டுமென அப்படையின் அதிகாரி தொம் மிகுவேல் தெ நொரோன்யா விடுத்த வேண்டுகோளே அக்கொடைக்குக் காரணம். 1739-இல் வசைக் கோட்டையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து மராத்தியர் கைப்பற்றி அரை நூற்றாண்டே கடந்திருந்தது. பகைவரின் மதத்துக்கு, பேஷ்வாக்களின் வைதிகத் தலைநகரில், அரசனே இடம் தருகிறான். இதனைச் சமயப் பொறை என்று மட்டும் புகழ்வது போதாது. பீரங்கி இயக்கத் தெரிந்த கூலிப்படையினரைத் தக்கவைத்துக்கொள்ளும் அரசியல் தேவையும் அதில் இருந்தது. எனினும் ஒன்றை மறைக்க முடியாது. புனேக் கத்தோலிக்க வரலாற்றின் முதல் விருந்தோம்பல் கத்தோலிக்கர் பிறருக்குச் செய்ததன்று. பிறர் கத்தோலிக்கருக்குச் செய்தது.

1817-இல் கட்கிப் போர், 1818-இல் பேஷ்வா ஆட்சியின் முடிவு, அதன்பின் பாசறை நகரம். படைகளோடு அயர்லாந்துக் கத்தோலிக்கர் வந்தனர். 1830 அளவில் பிரித்தானியப் படையினருள் ஐந்தில் இரண்டு பங்கினர் அயர்லாந்துக்காரர்கள் என்பதைக் கருதினால், பாசறையில் கத்தோலிக்கக் கோயில் எழுந்ததில் வியப்பில்லை. புனித பேட்ரிக் ஆலயம் 1850-இல் எழுந்தது. உருளைக்கிழங்குப் பயிர் அழிந்த பெரும் பஞ்சத்தால் அயர்லாந்து பத்து லட்சம் உயிர்களை இழந்து, அதற்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. படையில் சேர்தலும் பஞ்சத்திலிருந்து தப்பும் ஒரு வழியாக இருந்தது. பேரரசின் சீருடை அணிந்திருந்ததனால் அவர்களை நாம் பஞ்சம் பிழைக்க வந்தவர்களாகக் காண்பதில்லை.

நகரக் கோயில் கோவாவைச் சார்ந்த போர்ச்சுகீசிய 'பத்ருவாதோ' ஆட்சிக்குக் கீழும், பாசறைக் கோயில் உரோமையை நேராகச் சார்ந்த 'பிரப்பகாந்தா' ஆட்சிக்குக் கீழும் இருந்தன. ஒரே நகரில், சில கல் தொலைவில், இருவேறு அதிகாரங்கள். தமிழ்நாட்டில் மயிலாப்பூர், மதுரை மிஷன்களின் பூசல்களைப் படித்த மாணவர்களுக்கு இது பழகிய கதை. ஆயினும் புனேயில் அப்பூசலின் சமூகப் பொருள் வேறு: ஒருவன் எங்கிருந்து வந்தான் என்பதே அவன் எந்தக் குருவுக்கு உரியவன் என்பதைத் தீர்மானித்தது. 1886-இல் புனே மறைமாவட்டம் நிறுவப்பட்டு ஜெர்மானிய இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இங்கிருந்து கதை திருப்பம் கொள்கிறது. வரவேற்கும் நிலையில் இருந்தவர்களே விரட்டப்பட்டவர்களாயினர். 1914-இல் போர் மூண்டதும் ஜெர்மானியக் குருக்கள் பிரித்தானிய அரசின் கண்களுக்குப் பகைநாட்டினராயினர். அகமத்நகரில் அமைந்த முகாம் பகைநாட்டினரை அடைத்துவைத்த முதன்மை முகாம்களுள் ஒன்று. பலர் அடைக்கப்பட்டனர், பலர் நாடுகடத்தப்பட்டனர். கல்விக்கூடங்களும் பங்குகளும் குருக்களின்றித் தவித்தன. ஆயர் ஹைன்ரிக் டோரிங்கையும் போர் தம் மறைமாவட்டத்திலிருந்து பிரித்தது. 1907-இல் புனேயின் ஆயரான அவரை உரோமை 1921-இல் ஜப்பானின் ஹிரோஷிமாவுக்கு அனுப்பியது. 1927-இல்தான் அவர் மீண்டும் புனேயின் ஆயரானார். 1948 வரை அப்பொறுப்பில் நீடித்தார். சொந்த மந்தையைக் காண ஓர் ஆயர் உலகப் போரொன்றையும் இன்னொரு நாட்டுக் கடற்கரையையும் கடக்க நேர்ந்தது.

(இடையில் ஒரு குறிப்பு. 1945 ஆகஸ்டில் அதே ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குப் பின் இயேசு சபையின் புகுமுக இல்லத்தை மருத்துவமனையாக்கியவர் பேதுரு அருப்பே. பின்னாளில் சபையின் தலைவராக, வியட்நாமியப் படகு அகதிகளின் துயர் கண்டு, 1980 நவம்பர் 14 அன்று இயேசு சபை அகதிகள் பணியகத்தை நிறுவியவரும் அவரே. தமிழ்நாட்டு முகாம்களில் ஈழத்து ஏதிலியரின் பிள்ளைகளுக்குக் கல்விப்பணி ஆற்றிய அமைப்பு அது.)

டோரிங்கின் இரண்டாம் ஆட்சிக்காலத்தில்தான் இரண்டாம் உலகப் போர் வந்தது. அப்போது புனேயைச் சுற்றியிருந்த நிலப்பரப்பை ஒரு வரைபடமாகக் கண்முன் விரித்துப் பார்க்க வேண்டுகிறேன். நகருக்குத் தெற்கே, சிவாஜியின் வரலாற்றோடு பிணைந்த புரந்தர் மலைக்கோட்டையில் ஜெர்மானியக் குடும்பங்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்தன. சாத்தாராவிலும் அத்தகைய முகாம் ஒன்று இயங்கியது. அடைக்கப்பட்டோருள் மறைப்பணியாளர்கள் இருந்தனர். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்களும் இருந்தனர். கொலைக்களத்திலிருந்து ஓடிவந்தவர்கள் ஜெர்மானியக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஒரே காரணத்தால் 'பகைநாட்டினர்' எனப்பட்டனர். இன்னும் தெற்கே, பஞ்ச்கனி மலையில் போலந்து நாட்டு நோயாளிகளுக்கான நலவிடுதி. அதற்கும் தெற்கே, கோலாப்பூரை அடுத்த வலிவடேயில் போலந்து அகதிகள் முகாம்: ஏறத்தாழ 5,000 பேர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அவர்கள் வந்த வழி நெடியது. 1939 செப்டம்பர் 17 அன்று சோவியத் படைகள் கிழக்குப் போலந்துக்குள் நுழைந்தன. 1940 பிப்ரவரி முதல் இலட்சக்கணக்கானோர் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் இரயில்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். 1941-இல் ஜெர்மனி சோவியத் நாட்டைத் தாக்கியபின், லண்டனிலிருந்த போலந்தின் புறநாட்டரசோடு ஏற்பட்ட உடன்பாட்டினால் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஜெனரல் ஆண்டர்ஸ் திரட்டிய படையோடு 1942-இல் காஸ்பியன் கடலைக் கடந்து ஈரானை அடைந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் படையினர் அல்லாத பொதுமக்கள். ஈரானிலிருந்து இந்தியாவுக்கு வந்தோரில் குழந்தைகள் பலருக்கு நவாநகர் அரசர் ஜாம்சாகேப் திக்விஜய்சிங் தம் பாலாச்சடியில் இடமளித்தார். பெரிய குடியிருப்பு 1943-இல் வலிவடேயில் எழுந்தது. செலவைப் போலந்தின் புறநாட்டரசு ஏற்றது.

வலிவடேயை முகாம் என்பதைவிட ஊர் என்பதே பொருந்தும். பள்ளிகள், மருத்துவமனை, சாரணர் அணிகள், நாடக அரங்கு, சந்தை, இவற்றின் நடுவே போலந்துக் குருக்களோடு ஒரு கோயில். இடமற்றவர்களின் குடியிருப்பு என்ற கிரேக்கச் சொல்லின் தொடக்கப் பொருளில் மராட்டிய மண்ணில் எழுந்த பங்கு அது. திருச்சபைச் சட்டத்தின் எல்லைக்கோடு அங்கே பொருளற்றது. மக்கள் எங்கே இருந்தார்களோ அங்கே பங்கு இருந்தது. பஞ்ச்கனியோ புனே மறைமாவட்டத்துக்குட்பட்டது. போலந்தை விழுங்கிய இரு அரசுகளுள் ஒன்றின் மண்ணில் பிறந்த முதிய ஆயர், முந்தைய போரில் பகைநாட்டினராகத் தாமே ஒதுக்கப்பட்டவர், போலந்து அகதிகள் தங்கியிருந்த மறைமாவட்டத்தின் மேய்ப்பராக இருந்தார். நாடகாசிரியன் ஒருவன் இதைக் கற்பனை செய்திருந்தால் மிகையென்றே சொல்லியிருப்போம்.

ஆயினும் வலிவடேயைக் கருணையின் பொற்சித்திரமாக மட்டும் தீட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. முகாம் எழுந்த அதே 1943-இல் வங்கத்தில் பஞ்சம். ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் மாண்டனர். கல்கத்தா வீதிகளுக்கு வந்து வீழ்ந்த உழவர்களும் இடம்பெயர்ந்தோரே; ஆனால் அவர்களுக்கென்று குரல்கொடுக்க லண்டனில் ஒரு புறநாட்டரசு இல்லை, அவர்களை அகதி என்றழைக்க ஓர் ஆவணமும் இல்லை. போலந்துக் குழந்தைக்குக் கிடைத்த உணவு வங்கக் குழந்தையின் வாயிலிருந்து பறித்ததன்று. இரண்டு பசிகளையும் ஒரே அரசு இருவேறு கணக்குப் புத்தகங்களில் எழுதியது என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது. புரந்தரின் யூதரும் வலிவடேயின் போலந்தியரும் வங்கத்தின் உழவரும் ஒரே ஆட்சியின் கீழ் மூன்று சொற்களாயினர்.

அந்தச் சொற்களும் நிலையானவையல்ல. 1945 ஜூலையில் பிரிட்டனும் அமெரிக்காவும் லண்டன் புறநாட்டரசுக்கு அளித்த ஏற்பினை விலக்கிக்கொண்டன. முகாமின் புரவலரே ஒரே நாளில் அரசு என்னும் தகுதியை இழந்தார். மேற்குலகு அவர்களுடைய ஊர்களைச் சோவியத்துக்கு விட்டுக்கொடுத்திருந்ததால் திரும்பிச் செல்ல வீடுமில்லை. 1947, 1948 ஆண்டுகளில் பலர் பிரிட்டனுக்கும், சிலர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். காலியான குடில்களில் வந்து குடியேறியவர்கள் பிரிவினையால் சிந்துவை இழந்த இந்துக்கள். வலிவடே முகாம் இன்று காந்திநகர். துணி வணிகத்துக்குப் பெயர்பெற்ற சிந்தி ஊர். கோலாப்பூர்க் கல்லறைத் தோட்டத்தில் போலந்துப் பெயர்கள் பொறித்த கற்கள் நிற்கின்றன.

போர் முடிந்து பத்தாண்டுக்குள் புனேக்கு இன்னொரு குடிபெயர்வு நிகழ்ந்தது. தமிழ் வாசகர்களுக்கு இது நெருக்கமானது. பதின்மூன்றாம் லியோ 1893-இல் இலங்கையின் கண்டியில் நிறுவிய பாப்பிறைக் குருமடம், இந்தியக் குருத்துவ மாணவர்களின் தலைமைக் கல்விக்கூடமாக ஆறு தசாப்தங்கள் விளங்கிற்று. இந்தியாவும் இலங்கையும் தனித்தனி நாடுகளான பின்னர், 1955-இல் அது புனேயின் நகர் சாலைக்கு இடம்மாறியது. தமிழகத்தின் எத்தனையோ குருக்கள் கண்டியிலும் பின்னர் புனேயிலும் கற்றவர்கள். ஒரு நிறுவனம் கடல் கடந்து புது மண்ணில் புது வளாகத்தில் வேரூன்ற முடிந்தது.

அந்தக் கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் வாழ்ந்த தமிழர்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி உடன்பாடு 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பின்னர் தீர்மானிக்க. குருமடம் கண்டியை விட்டபோது அதனிடம் நூலகமும் நிலமும் உரோமையின் ஆணையும் இருந்தன. மலையகத் தமிழர் கண்டியை விட்டபோது அவர்களிடம் இருந்தது ஓர் எண். கத்தோலிக்க வரலாறுகள் முதல் பயணத்தை விரிவாக எழுதுகின்றன. இரண்டாவது பயணத்துக்கு அரசியல் வரலாறுகளில் மட்டுமே இடம். இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத ஓர் ஆய்வு மாணவர் முன்வரவேண்டுமென்பது என் நெடுநாள் விருப்பம்.

இனிப் புலம்பெயர்ந்தோர் குறித்த திருச்சபைச் சட்டத்தின் பக்கம். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி மொழி அல்லது தேசிய அடிப்படையிலான பங்குகளை உரோமையின் சிறப்பு இசைவின்றி நிறுவ இயலாது. 1952-இல் பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட 'எக்சுல் பமிலியா' என்னும் ஆவணம், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை எல்லா ஏதிலியருக்கும் மாதிரியாக நிறுத்தி, புலம்பெயர்ந்தோர் தம் மொழி பேசும் குருவைப் பெறும் ஏற்பாடுகளை வகுத்தது. 1983-இன் புதிய தொகுப்பு, எல்லை சார்ந்த பங்கே பொதுவிதி என்று நிறுத்திக்கொண்டு, வழிபாட்டுமுறை, மொழி, தேசிய இனம் ஆகியவற்றின்படி ஆள்சார்ந்த பங்குகளை ஆயர் நிறுவலாம் என்கிறது (எண் 518). நிறுவலாம். கட்டாயமில்லை.

புனேயில் இவ்விதி நடைமுறைக்கு வந்த விதம் ஆய்வுக்குரியது. கேரளத்திலிருந்து வந்த சீரோ மலபார் கத்தோலிக்கர்களுக்காக 1988-இல் கல்யாண் மறைமாவட்டம் பிறந்தது. புனேயும் அதன் எல்லைக்குள். சீரோ மலங்கரைக் கத்தோலிக்கர்களுக்காக 2015-இல் கட்கியையே தலைமையிடமாகக் கொண்டு புனித எப்ரேம் ஆட்சிப்பீடம் நிறுவப்பட்டு, 2019-இல் முழு மறைமாவட்டமாக உயர்ந்தது. இதனை மலையாளிகளுக்குக் கிடைத்த சலுகையென்று கருதுவோர் தமிழ்ப் பங்குகளில் உண்டு. அது தவறான பார்வை. இலத்தீன் திருச்சபையின் பல நூற்றாண்டு மேலாதிக்கத்துக்கு எதிராகக் கீழைத் திருச்சபைகள் நடத்திய நெடும் வழக்கின் விளைவு அது. உரிமை மீட்பே தவிர உபகாரமன்று.

ஆனால் அந்த மீட்பு ஒரு வேறுபாட்டை வெளிச்சமிட்டது. கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-இலிருந்து இயங்குகிறது. அத்தொழிற்சாலைக்கும், தேஹு ரோடு படைக்கலக் கிடங்குக்கும், இரயில்வேக்கும், பாசறைப் பங்களாக்களின் அடுக்களைகளுக்கும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வந்தனர்; அவர்களுள் கத்தோலிக்கர் கணிசமானோர். அவர்கள் வழிபாட்டுமுறையால் இலத்தீனியர். ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் தனித்துத் தெரியவில்லை. கேரளத்தவருக்கு வழிபாட்டுமுறை ஆயரையே பெற்றுத்தந்தது. தமிழருக்கு மொழி பெற்றுத்தந்தது ஞாயிற்றுக்கிழமையில் ஒரு திருப்பலி நேரம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் இந்தச் சிக்கல் செவிக்கு எட்டியதில்லை. இலத்தீன் திருப்பலியில் கோவாக்காரரும் தமிழரும் மராத்தியரும் ஒரே அளவுக்கு அந்நியர்கள்; பீடத்தின்முன் அந்த அந்நியத்தன்மையே ஒருவகைச் சமத்துவம். 1963 டிசம்பரில் சங்கத்தின் திருவழிபாட்டு ஆவணம் தாய்மொழிகளுக்கு வழிதிறந்தது. தாய்மொழி என்றால் யாருடைய தாய்மொழி? தமிழ்நாட்டில் எழாத இக்கேள்வி புனேயில் ஒவ்வொரு வாரமும் எழுகிறது. ஆங்கிலம், கொங்கணி, மராத்தி, தமிழ், மலையாளம் ஆகியவற்றுள் எதற்கு எந்த நேரம், எது முதன்மைப் பீடத்தில், எது பிற்பகல் வெயிலில் என்பதெல்லாம் ஞாயிறு அட்டவணையில் எழுதப்படாத சமூக வரலாறு. செப்டம்பர் 8-ஐ ஒட்டி வேளாங்கண்ணி மாதாவின் கொடியேறும் நாள்களில் மட்டும் படிநிலை தலைகீழாகிறது. அப்போது தமிழர் விருந்தினர் அல்லர், விழாவெடுப்பவர்கள்.

மராத்தி பேசும் கத்தோலிக்கரும் இந்நகருக்கு வந்தேறியவர்களே என்றால் பலர் வியப்பர். அகமத்நகர்ப் பகுதியின் ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பஞ்சங்களை ஒட்டி மஹார், மாங் சமூகத்தவர் பலர் திருமுழுக்குப் பெற்றனர். வறட்சி அவர்களுடைய வழிவந்தோரைப் புனேக்குத் தள்ளியது. 1972-இன் வறட்சி பெரும் அலையாயிற்று. சொந்த மாநிலத்தில், சொந்த மொழியில், சொந்த மறைமாவட்டத்துக்குள்ளேயே இடம்பெயர்ந்த இவர்களுக்கு எந்த ஆவணத்திலும் புலம்பெயர்ந்தோர் என்ற பெயரில்லை. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணையோ கிறிஸ்தவரான பட்டியல் சாதியினருக்கு அத்தகுதியை மறுத்தது. அதே சேரியில் 1956-க்குப் பின் பௌத்தம் தழுவிய உறவினருக்கு 1990-இல் அத்தகுதி திரும்பியது. கத்தோலிக்க வீட்டுக்குத் திரும்பவில்லை. நகருக்கு வந்தபின் கல்விக்கும் வேலைக்கும் அந்தத் தாள்தான் முதல் தேவை.

இந்த வரலாற்றில் மாறுபட்ட பாதையொன்றைத் தேர்ந்தவர் ஹெர்மன் பாகர் என்ற சுவிட்சர்லாந்து இயேசு சபைக் குரு. அகமத்நகர்ப் பகுதியில் பல்லாண்டு உழைத்த அவர், ஊரை விட்டு ஓடுவோருக்கு நகரில் சோறிடுவதினும் ஊரில் மழைநீர் நிற்கச் செய்வதே முதற்பணி என்று கண்டார். மலைச்சரிவுகளில் வரப்புகளும் தடுப்பணைகளும் அமைத்து, நிலத்தடி நீரைப் பெருக்கி, கோடையிலும் வேலை கிடைக்கச் செய்யும் நீர்ப்பிடிப்பு மேம்பாட்டுத் திட்டங்களை ஜெர்மானிய உதவியோடு வளர்த்தார். 1993-இல் அவர் கிறிஸ்பினோ லோபோவுடன் தொடங்கிய 'வாட்டர்' அமைப்பு இன்று புனேயிலிருந்து இயங்குகிறது. புலம்பெயர்வோர் மேய்ப்புப்பணி என்ற தலைப்பின்கீழ் எவரும் இதைச் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன்.

2015 செப்டம்பர் 6 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஐரோப்பாவின் ஒவ்வொரு பங்கும் ஓர் அகதிக் குடும்பத்தை ஏற்குமாறு வேண்டினார். இந்தியா 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. புனேயின் பங்குக்கு அவ்வேண்டுகோள் சிரியாவின் வடிவில் வருவதில்லை. ஹிஞ்சவடியிலும் கராடியிலும் எழும் அடுக்குமாடிகளின் தகரக் கொட்டகைகளில், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசாவிலிருந்து வந்த பழங்குடித் தொழிலாளர்களின் வடிவில் வருகிறது. அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு, அல்லாதோரே மிகுதி. 2020 மார்ச் ஊரடங்கில் நாம் அவர்களைப் பெருஞ்சாலைகளில் கண்டோம். ஜால்னாவிலிருந்து நடந்த பதினாறு பேர் மே 8 அன்று ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் சரக்கு இரயிலால் கொல்லப்பட்டதையும் கண்டோம்.

இத்தகையோரைப் பற்றித் திருச்சபைச் சட்டம் சொல்வதை மேய்ப்புப்பணி மாணவர்களே ஊன்றிப் படிப்பதில்லை. எண் 100 மனிதரை நால்வகையாகப் பிரிக்கிறது: நிலைக்குடி, தற்காலிகக் குடி, வெளியூரார், எங்கும் குடியற்றவர். நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு வாழ்வதோ ஐந்தாண்டு வாழ்ந்து முடிப்பதோ நிலைக்குடிக்கு அளவை. மூன்று மாதம் தங்கும் எண்ணமோ தங்கலோ தற்காலிகக் குடிக்கு. கட்டுமானத் தொழிலாளி இரண்டு மாதத்துக்கொருமுறை வேலையிடம் மாறுகிறார், ஒப்பந்தக்காரர் இழுத்த இழுப்பில் செல்கிறார். சொந்த ஊர்க் குடியையும் விட்டுவிட்டவராயின் அவர் நான்காம் வகை. இலத்தீனில் அவர் 'வாகுஸ்', அலைபவர். எண் 107 அவரைக் கைவிடவில்லை: அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ அவ்விடத்துப் பங்குத்தந்தையே அவருடைய பங்குத்தந்தை. சேர்க்கைப் படிவமோ சந்தாவோ வாடகை ஒப்பந்தமோ தேவையில்லை. எல்லைக்கோட்டின் சட்டத்துக்குள்ளேயே பழைய 'பரொய்கோஸ்' இந்த ஒற்றை விதியில் உயிரோடிருக்கிறான்.

அதே சட்டத்தின் எண் 1071-ஐயும் உடன் படிக்க வேண்டும். அலைபவரின் திருமணத்தை ஆயரின் அல்லது அவருக்கு நிகரான அதிகாரியின் அனுமதியின்றிப் பங்குத்தந்தை நடத்திவைக்கலாகாது. இதன் வேர் திரிதெந்து சங்கத்தில் உள்ளது; ஊர்விட்டு ஊர் செல்வோர் ஒரு மனைவி உயிரோடிருக்க இன்னொருத்தியை மணப்பர் என்ற அச்சத்தில் 1563-இல் எழுதிய எச்சரிக்கை அது. கைவிடப்பட்ட பெண்களைக் காக்கும் நோக்கம் அதிலுண்டு என்பதை மறுக்கலாகாது. எனினும் அலைபவர் மீதான ஐயம் நான்கரை நூற்றாண்டாக மாறாமல் நிற்கிறது. சொந்த ஊர்ப் பங்கிலிருந்து மணமாகாமைச் சான்று வரவேண்டும். கூலி விடுப்பின்றி ஊர் செல்ல இயலாது. சான்று வருவதற்குள் வேலையிடம் மாறிவிடும்.

சான்று எங்கிருந்து வருமோ அந்தப் பதிவேடுகளே புலம்பெயர்வு வரலாற்றின் மூலாதாரங்கள். 1614-இன் உரோமைச் சடங்குநூல் வகுத்த திருமுழுக்குப் பதிவின் வாசகத்தில், பெற்றோர் இப்பங்கினர் அல்லராயின் அவர்களுடைய பங்கையும் நாட்டையும் குறிக்க இடமிருந்தது. அந்த ஒரு வரியைக் கொண்டே வரலாற்றாசிரியர்கள் மனிதர்களின் வழித்தடங்களை மீட்க இயலும். இன்றைய எண் 877 கேட்பவை பெற்றோரின் பெயர், குழந்தை பிறந்த இடம், நாள் முதலியன. பெற்றோரின் ஊர் கட்டாயமில்லை. புனே மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 'பிறந்த இடம்: புனே'. தகப்பன் தூத்துக்குடியிலிருந்து வந்தானா கும்லாவிலிருந்து வந்தானா என்பது, எழுதுகின்ற குரு விரும்பி எழுதினாலன்றி, ஏட்டில் ஏறாது.

மறுதிசையில் ஒரு விதி உண்டு. ஒருவர் எங்கே மணமுடித்தாலும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள பதிவில் அவர் பெயருக்கெதிரே குறிக்கப்பட வேண்டும். கன்னியாகுமரிக் கரையில் திருமுழுக்குப் பெற்ற ஒருத்தி தேஹு ரோட்டில் மணமுடித்தால், கடலோரக் கோயிலின் அலமாரியில் உள்ள ஏட்டின் ஓரத்தில், அவளை அறியாத ஒரு குருவின் கையெழுத்தில், புனே என்ற சொல்லும் ஒரு தேதியும் ஏறுகின்றன.